கோபுரம் நிறையும் நேரம்

கம்பெனி தந்த தாளில்
"பழைய கட்டடம், ஒன்று" என்று மட்டும் இருந்தது.
ருஸ்தாக்கைத் தாண்டி, ஹைல் ஊருக்கு வெளியே,
பேரீச்சந் தோப்புகளின் மேல்தலையில்
ஒரு தடித்த கல்தூண்.
அதன் தலைவரைக்கும் வந்து நிற்கும் வாய்க்கால்.
உயரம் ஆறு மீட்டர் நாற்பது.
எழுதிக்கொண்டேன்.

உச்சியில் வாய், குறுக்கே எழுபத்திரண்டு சென்டிமீட்டர்.
ரஃபீகுல் கயிறு கட்டி என்னை இறக்கினான்.
இறங்க இறங்க ஒடுங்கியது.
நாலாவது மீட்டரில் தோள் இடித்தது;
அதற்குக் கீழே டார்ச்சை மட்டும் அனுப்பினேன்.
அடியில், நான்கு விரல் நுழையும் துளை.

ஃபலஜ் நீர் இங்கே விழுந்து
அந்தத் துளையில் பீறிட்டு
கிடையாகக் கிடக்கும் சக்கரத்தை அடிக்கும்.
சக்கரத்தின் அச்சே மேலேறி
கீழ்க்கல்லைத் துளைத்து மேல்கல்லைத் திருகும்.
பல்சக்கரம் இல்லை. பெல்ட் இல்லை.
சக்கரம் ஒரு சுற்று, கல் ஒரு சுற்று.

உட்சுவர் முழுக்கச் சுண்ணாம்புப் படிவு,
அறுத்த மரத்தில் தெரிகிற மாதிரி வளையங்கள்.
எண்பத்து மூன்று வரை எண்ணினேன்.
பிறகு ஒரு விரற்கடை சேறு. வெள்ளம்.
அடுத்து மயிரிழை அளவு கறுப்பு:
தண்ணீர் வராத வருஷங்கள்.
எத்தனை என்று மயிரிழை சொல்லாது.
அதன்மேல் திரும்பவும் வெள்ளை.
யாரோ வந்திருக்கிறார்கள்,
ஸரூஜ் காரை குழைத்து விரிசலைப் பூசியிருக்கிறார்கள்,
அவசரமாக.
கரண்டி இழுத்த தடம் சாய்கிற பக்கம் பார்த்தால்
இடது கைக்காரர்.

அரைக்கும் அறையில் நிமிர வழியில்லை.
விளக்கு மாடத்தில் புகைக்கரி,
வாசற்படியில் சாக்கு உரசிய வழவழப்பு,
மூன்று துண்டாய் மேல்கல்.
மாவு வாசம் இருக்கிறதா என்று முகர்ந்தேன்.
வௌவால் எச்சம்.

அறிக்கையில் எழுதினேன்:
"வெளியேறும் நீர் அதே வாய்க்காலில் சேர்கிறது.
ஆலை தின்றது உயரத்தை மட்டும்.
ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை."
பொறியாளர் ஹாத்திம் அந்த மூன்று வரியையும் அடித்தார்.
கவிதை வேண்டாமாம்.

செவ்வாய்க்கிழமை கசிவு பார்க்கத் தண்ணீர் விட்டோம்.
அடித்துளையை மரியதாசன் கட்டையால் இறுக்கினான்.
தூண் குடித்தது.
சத்தம் முதலில் கிணற்றுச் சத்தம்,
பிறகு குடத்துச் சத்தம்,
பிறகு ஒன்றுமில்லை.
விளிம்பு நனைந்தபோது கடிகாரத்தில்
பதினொரு நிமிடம்.

கட்டையை உருவுவதற்குள்
மண்வெட்டி தோளில் தொங்க ஸஹ்ரான் வந்துவிட்டார்.
கடைசித் தோப்புக்காரர்.
"என் முறைத் தண்ணீர் நின்றுபோனது.
யார் குடித்தது?"
ரஃபீகுல் தூணைக் காட்டினான்.

ஃபலஜ் கணக்கர் பேரேட்டோடு வந்தார்,
அதற்கு முந்தைய பேரேட்டைத் தேடப் போனார்,
அதற்கும் முந்தையதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.
விரல் வைத்து வாசித்து
ஹிந்தி கலந்த அரபியில் சொன்னார்:
"ஆலைக்கு, தினமும் காலையில்,
கோபுரம் நிறையும் நேரம்.
அதற்கு ஈடாகக் கடைசித் தோப்புக்கு
வாரம் ஒரு அளவை மாவு."

ஒரு சொட்டு இல்லை என்று எழுதியவன் நான்.
ஹாத்திம் அடித்தது சரி,
காரணம்தான் வேறு.

ஸஹ்ரான் சிரிக்கவில்லை. கையை நீட்டினார்.
மரியதாசன் முகாமுக்கு ஓடி
சூப்பர்மார்க்கெட் கோதுமை மாவு, ஐந்து கிலோ,
பிரிக்காத பொட்டலம், கொண்டுவந்தான்.
ராத்திரி சப்பாத்திக்கு வைத்திருந்தது.
ஸஹ்ரான் எடை பார்ப்பதுபோல் தூக்கினார்,
காலாவதித் தேதியைப் பார்த்தார்,
தலையாட்டினார்.
கணக்கர் பேனா வாங்கியது என்னிடம்.
மாவு, செலுத்தப்பட்டது, ஆலை சார்பில்.
பழைய வரிக்கு நேர் கீழே
நீல மையில்.

அன்றைய டைம்ஷீட்டில் நானும்
"தண்ணீர் நிறையக் காத்திருந்தது, பதினொரு நிமிடம்"
என்று எழுதினேன்.
மாதக் கடைசியில் மஸ்கட் ஆபீஸ்
அதை வெட்டியிருந்தது.