இன்றைய செயல்பாடு

பதிவேட்டில் ஒரு கட்டம் இருக்கிறது,
'இன்றைய செயல்பாடு' என்று.
ஒரு சுண்டுவிரல் அகலம்.
இருபத்தொரு பிள்ளைகளின் நாளை
அதற்குள் எழுத வேண்டும்.

குலசேகரம் தாண்டி
மலை தொடங்கும் வளைவில் எங்கள் அங்கன்வாடி.
மழைவிட்டு வெயிலடித்ததும்
ரப்பர் காய்கள் வெடிக்கத் தொடங்கின
பட்... பட்டென்று.
தகரக் கூரையில் விழுந்து உருண்டு
வாசலில் குதித்தது ஒரு கொட்டை.
ராத்திரி விழித்திருந்து நான் வரைந்த அணிலை
அதன்பிறகு ஒருவரும் பார்க்கவில்லை.

நிக்கர் பையில், பாவாடை மடிப்பில்
அள்ளி வந்து கொட்டினார்கள்.
"எல்லாத்துக்கும் வேற வேற சட்ட"
என்றான் ரெஜிஷ்.
இத்தனை வருடம் மிதித்து நடந்திருக்கிறேன்,
குனிந்து பார்த்தேன்.
ஆமாம். ஒன்றின் புள்ளி இன்னொன்றில் இல்லை.

பிரபிஷா ஐந்தைச் சிரட்டையில் கிடத்தி
"மிண்டாதே, உறக்கம் வருது இதுக்கு" என்றாள்.
சஜினுக்கும் இரட்டைகளுக்கும் அடிதடி.
ஏழு கொட்டை, மூன்று பேர்.
ஆளுக்கு இரண்டு எடுத்து
மிச்சம் ஒன்றை யாருக்கும் இல்லாமல்
எங்கோ ஒளித்துவைத்துவிட்டு வந்தார்கள்
பரம சமாதானமாக.

பதினொரு மணிக்கு றோஸ்லெட் வந்தாள்.
கணவனின் பழைய சட்டை, கையில் ஆசிட் வாசம்,
பால் உறைய வைத்துவிட்டு நேரே வருகிறாள்.
"டீச்சரே, பயல் ஒரு எழுத்து எழுதல்ல இன்னும்.
வேன் ஸ்கூல்ல இந்த வயசுக்கு நாலு நோட்டு."

காட்ட என்னிடம் நோட்டு இல்லை.
தரையைக் காட்டினேன்.

மகன் மூக்கைத் துடைக்கக் குத்தவைத்தவள்
பேச்சுவாக்கில் ஒரு கொட்டையை எடுத்து
சிமெண்டில் உரசினாள்
சர் சர்ரென்று,
கண் என் முகத்தில், கை தானாக.
சட்டென்று என் கையில் வைத்து அழுத்தினாள்.

அய்யோ!

சிரித்தாள் றோஸ்லெட்.
முன்பல் ஒன்று பாதி உடைந்தது என்று
இன்றுதான் தெரியும் எனக்கு.
"அஞ்சாங்கிளாசுல சாருக்கே வெச்சிருக்கேன்."

அப்புறம் இருபத்தொரு கைகள் உரசின.
அறைக்குள் சீவிடு இரைவதுபோல் சத்தம்.
முட்டைச் சட்டியை இறக்கிவைத்து
ஆயா தங்கபாயும் ஒன்றை எடுத்தாள்.

சூடு எங்கேயிருந்து வந்தது?
"கையிலிருந்து."
"கொட்டைக்குக் காய்ச்சல்."
ரெஜிஷ் கன்னத்தைத் தரையில் ஒட்டிவைத்து
வெகுநேரம் கிடந்தான்.
"இதுக்குள்ள வெயிலு ஒளிஞ்சிருக்கு."

"அப்பிடியா டீச்சரே?"
கேட்டது அம்மாக்காரி.
தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது.

வரும் ஜூனில் வேனில்தான் அனுப்புவாள்,
முன்பணம் கட்டியாகிவிட்டது.
போகும்போது சட்டைப்பையில்
நாலு கொட்டை போட்டுக்கொண்டாள்.

மூன்றே முக்கால். கட்டம் காலி.
'எண்ணுதல்' என்று எழுதி, அடித்தேன்.
'நிறம், வடிவம்' - அதையும்.
முழங்கைக்குக் கீழே
சிவந்த வட்டம் இன்னும் காந்துகிறது.

பூட்டிவிட்டு
செருப்புக்குள் கால் நுழைத்தேன்.
நறுக்கென்று குத்தியது
மிச்சம் ஒன்று.