எழுபத்தொரு சதவீதம்

இந்த வாரத்தில் மூன்றாவது இரவு.
பச்சைக் கோடு எழுபத்தொன்றில் நிற்கிறது,
ஆகாயத்தாமரை அடைத்த மதகு மாதிரி.
சாதனம் கிடைக்கவில்லை என்கிறது திரை.
சாதனம் இதோ, என் முழங்கைக்குப் பக்கத்தில்,
சூடாக, கறுப்பாக,
அலுவலக எண்ணை வெள்ளை பெயிண்டில் எழுதிய
இரண்டு டெராபைட்.

கேபிளை மாற்றினேன்.
பின்பக்கத் துளையில் செருகிப் பார்த்தேன்.
கணினி தூங்கவே கூடாது என்று அமைப்புகளுக்குள் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.
கூத்தாநல்லூர் நஜ்முதீன் போனில் கேட்டார்:
"டிக் டிக்குன்னு அடிக்குதா?"
இல்லை.
"அப்ப தட்டு சாகலை. ஃபார்மெட் பழசா?
நாலு ஜிபிக்கு மேல ஒத்தை ஃபைலை அது முழுங்காதும்மா."
பார்த்தேன். புதுசுதான்.
மறுபடி எழுபத்தொன்று.

ஃபோல்டர்கள் ஊர்ப் பெயரில் இருக்கின்றன, ஆங்கில வரிசையில்.
ஆதிச்சபுரம் வந்துவிடுகிறது.
எடையூர், கோட்டூர், நெடும்பலம், எல்லாம் வயிறு நிறைய.
தில்லைவிளாகத்தில் இழுக்க ஆரம்பிக்கும்.
தொண்டியக்காடு, உதயமார்த்தாண்டபுரம்:
பெயர் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது,
உள்ளே ஒரு பைட் கிடையாது.
கடைமடை ஆற்றுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

பழைய பதிவுகளைத் திறந்தேன்.
தை மாதத்திலிருந்து ஒவ்வொரு இரவும் "முடிந்தது".
அதற்கடியில் பொடி எழுத்தில், "பிழைகள் தவிர்க்கப்பட்டன".
பிழை வந்தால் தாண்டிப் போ என்ற கட்டத்தில்
டிக் போட்டது யாரென்று கேட்க வேண்டாம்.
நான்தான். பொங்கலுக்கு பஸ் பிடிக்கும் அவசரம்.

மாசியில், இடம் போதவில்லை என்று,
மழை சேதப் படங்களைக் கணினியிலிருந்து அழித்ததும் நான்தான்,
"நகல் இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு.

இன்று வீட்டுக்குப் போகவில்லை.
காவலாளி குஞ்சிதபாதம் கொசுவர்த்தியை எனக்கு விட்டுவிட்டு
வாசலில் படுத்துக்கொண்டார்.
பத்தரைக்கு ஆரம்பித்தேன். கோடு வளர்ந்தது.
பதினொன்று இருபதுக்கு
குழல்விளக்கு மங்கி, முனகி, நிமிர்ந்தது.
மன்னார்குடிக்கு வெளியே இருட்டில் ஒரு மோட்டார்,
அப்புறம் பத்து,
அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.
"மும்முனை விட்டுட்டான்" என்றார் குஞ்சிதபாதம், கண் திறக்காமல்.
குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் ஓடுகிறது.
சாதனம் கிடைக்கவில்லை.

மேசைக்கடியில் டார்ச்சோடு தவழ்ந்தேன்.
கணினி யுபிஎஸ்ஸில் இருக்கிறது.
தட்டின் அடாப்டர் சுவரில் இருக்கிறது.
அதற்கென்று இருந்த யுபிஎஸ் துளையில்
பொங்கலிலிருந்து எரிகிறது
பிள்ளையார் படத்து ஜீரோ வாட் பல்பு.
மின்வெட்டில் இருட்டைப் பார்க்காத ஒரே ஜீவன்
இந்தக் கட்டடத்தில் அவர்தான்.

மன்னிப்புக் கேட்டு இடம் மாற்றினேன்.
வரிசையையும் திருப்பினேன்:
விளக்குடி முதலில், அப்புறம் உதயமார்த்தாண்டபுரம், தொண்டியக்காடு.
முறைப்பாசனம்.
வால் குடிக்கட்டும், தலை கொஞ்சம் காத்திருக்கட்டும்.

ஒன்றே காலுக்கு நூறு.
நூறை நம்பவில்லை.
தட்டைக் கழற்றி அடுத்த மேசைக் கணினியில் செருகி
ஏதோ ஒரு படத்தைத் திறந்தேன்.
விளக்குடிப் பருத்தி, ஒரு பக்கம் சாய்ந்து,
ஓரத்தில் படமெடுத்தவரின் செருப்போடு.
திறந்தது.

தை மாதம் திறக்காது.
தொண்டியக்காட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு வயல்,
அறுக்குமுன் கதிரிலேயே முளைத்த நெல்.
களத்துக்குப் போன வேம்பரசன் கைபேசியில் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம்.
விடிந்துதான் எடுப்பார்.
இப்போது மணி இரண்டு.
அதுவரை மேடத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன்.
"படங்கள் அழிக்கப்பட்டன" என்று வந்துவிட்ட வரியை
அடித்துவிட்டு,
அழித்தேன் என்று.