நீலப் புட்டிக்கு எந்தத் தொட்டி

லைப்ஸிக்கில் எனக்கு வாய்த்தது
மூன்றாம் மாடியில் ஓர் அறை,
கீழே முற்றத்தில் நான்கு குப்பைத் தொட்டிகள்.
காகிதத்துக்கு நீலம், காய்த்தோலுக்குப் பழுப்பு,
பிளாஸ்டிக்குக்கு மஞ்சள், மிச்சமெல்லாம் கறுப்பு.
தேநீர்ப் பையின் நூலைப் பிய்த்துத் தனியே போடுவதா
என்று ஒரு காலைப்பொழுது முழுக்க
அடுப்பருகே நின்றிருக்கிறேன்.
எந்தப் பரீட்சைக்கும்
இப்படிப் பயந்ததில்லை.

ஞாயிறு.
கையில் நீலப் புட்டி,
முந்தைய இரவின் ஒயின் தீர்ந்தது.
தெருமுனையில் கண்ணாடிக்கென்று மூன்று வாய்கள்:
வெள்ளை, பழுப்பு, பச்சை.
நீலத்துக்கு வாயில்லை.

"இன்றைக்குப் போடக் கூடாது" என்றாள் வீப்கே.
எதிர்வீட்டுக்காரி. தபால் இலாகாவில் வேலை.
நாய் அவளை இழுத்துக்கொண்டிருந்தது.
கண்ணாடி உடைகிற சத்தம்
ஞாயிற்றுக்கிழமையின் தூக்கத்தைக் கெடுக்குமாம்.
தொட்டியின் நெற்றியிலேயே எழுதியிருக்கிறது,
எனக்குத்தான் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை.
"சரி, நாளைக்கென்றால், நீலம் எதில்?"
"பச்சையில்."
"ஏன்?"
தோளைக் குலுக்கினாள்.
"பச்சை பொறுத்துக்கொள்ளும்."

திங்கள் விடியுமுன் எனக்கு ரயில்.
ஆகவே புட்டியும் ஏறியது,
இரண்டு காலுறைகளுக்கு நடுவே.

உத்ரெக்ட்டில் பேருந்து நிறுத்தத்தின் கூரைமேல்
செடி வளர்த்திருக்கிறார்கள், தேனீக்களுக்காக.
நல்ல மழை.
கீழே நாங்கள் ஏழு பேர் ஒண்டி நின்றோம்.
மேலே விருந்து தயார்,
விருந்தாளி ஒருவரும் வரவில்லை.
முன்பெட்டி வைத்த சைக்கிளில்
மணப்பெண் ஒருத்தி உட்கார்ந்து போனாள்,
தலைக்குமேல் யாருடைய கோட்டோ.
மிதிப்பவன் மாப்பிள்ளையா மாமனாரா,
முகம் தெரியவில்லை.

சொல்ல மறந்தேன்.
நான் பின்னலாடை விற்க வந்தவன்.
பெட்டியில் இருபத்தெட்டு மாதிரிச் சட்டைகள்,
அதில் ஒன்பது பச்சை,
நெஞ்சில் இலை போட்டது.
கொள்முதல் செய்யும் அம்மையார் மரைக்கே
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
சாயத் தண்ணீர் எங்கே போகிறது?
தாளை நீட்டினேன்.
முத்திரை இருந்தது, கையொப்பம் இருந்தது.
தாளில் தண்ணீர் தெளிவாகவே ஓடியது.
மகிழ்ச்சி என்றார்.
சட்டைக்குப் பத்து சென்ட் குறையுங்கள் என்றார்.
குறைத்தேன்.

கோபன்ஹேகனில்
குப்பைத் தொட்டிக்கு இடுப்பில் ஒரு தட்டு.
குடித்து முடித்தவர்கள் புட்டியை அதில் வைத்துவிட்டு
நடையைக் கட்டுகிறார்கள்.
பொறுக்க வருகிறவர்
உள்ளே கைவிட்டுத் துழாவ வேண்டாமே என்று.
வந்தவர் பெயர் பிளாமென். பல்கேரியர்.
முன்பு கப்பல் துறையில் பற்றவைத்துக்கொண்டிருந்தாராம்.
என் புட்டியை நீட்டினேன்.
கவிழ்த்தார், துடைத்தார், ஒட்டுச்சீட்டில் எதையோ தேடினார்.
"இதற்குக் காசு வராது, ஐயா."
கைமாற்றுக் கேட்டவனிடம்
இல்லையென்று சொல்லும் கூச்சத்தோடு
என்னிடமே தந்தார்.

கடைசி ஊர் வியன்னா.
அன்றும் ஞாயிறுதான்.
பூங்காவில் குழாய் திறந்து குடிக்கிறார்கள்,
மலையிலிருந்து நேரே வருகிறதாம்.
கப் இல்லை.
புட்டியை மூன்று முறை அலசி
நிரப்பிய பிறகுதான் கண்ணில் பட்டது
கண்ணாடித் தொட்டி.
இந்த ஊரில் இரண்டே வாய்.
வெள்ளை. வண்ணம்.
யாரையும் கேட்க வேண்டாம், அவ்வளவு சுலபம்.
ஆனால் நிரப்பிவிட்டேனே.

வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன், தொழில்புத்தி.
உள்ளே நீலமாய் ஆடியது தண்ணீர்.
வயிற்றில் ஒரு கணம் சில்லென்றது.
உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன்.
நிறமில்லை.
நீலம் புட்டியுடையது.

மூடி எந்த ஊரில் தொலைந்ததோ,
கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு
விமான நிலைய ரயிலுக்கு நடந்தேன்.