நிறுத்தின இடம்

சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு எதிரே
மாடிப்படிக்கு அடியில் என் கணினி.
பக்கத்துக்கு இருபது ரூபாய்.
வக்கீல் ஞானசுந்தரம் நின்றபடி சொல்லச் சொல்ல அடிக்கிறேன்,
மேற்படி மனுதாரர் மேற்படி சொத்தைத் தடையின்றி
அனுபவித்து வருகிறபடியாலும்
மேற்படி எதிர்மனுதாரர் மேற்படி வேலியைப்
பிடுங்கி எறிந்தபடியாலும்
படியாலும் படியாலும் என்று
ஒன்றரைப் பக்கம், ஒரே வாக்கியம்.

ஒருநாள் இரக்கப்பட்டு
நடுவில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன்.
பதறிவிட்டார்.
"நிறுத்தாதேம்மா.
நிறுத்தின இடத்துல
எதிர்க்கட்சிக்காரன் நுழைஞ்சிடுவான்."

செக்குபந்தியில் மட்டும் எனக்கு உரிமை உண்டு.
வடக்கே முனிரத்தினம் நிலம், தெற்கே வண்டிப்பாதை,
கிழக்கே ஏரிக்கால்வாய், மேற்கே பாறைப் புறம்போக்கு.
மூன்று மூலைக்குக் காற்புள்ளி,
நாலாவதில் புள்ளி.
கல் நட்டமாதிரி நிற்கும்.

ராத்திரி ஒன்பதுக்கு மேல்
அதே விசைப்பலகையில் என் கதை.
காட்பாடி, இரண்டாவது நடைமேடை.
சுகிர்தம் என்றொருத்தி காத்திருக்கிறாள்.

ரயில் வந்தது, அவன் வரவில்லை.

காய்கறிக் கணக்கு மாதிரி இருந்தது.
தக்காளி வாங்கினேன், வெங்காயம் இல்லை.

ரயில் வந்தது; அவன் வரவில்லை.

இதில் அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது.
பையை எடுத்துக்கொண்டு
பாதி எழுந்துவிட்டாள்.
அவ்வளவு விவரமானவள் இல்லை என் சுகிர்தம்.

ரயில் வந்தது அவன் வரவில்லை!!

அழித்தது நஸீமா.
பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் போடுகிறவள்.
"அவளே அழலக்கா,
நீ எதுக்குக் கத்துற?"

ரயில் வந்தது. அவன் வரவில்லை.

புள்ளிக்கும் 'அ'வுக்கும் நடுவே
ஒரே ஒரு தட்டு இடைவெளி.
அதற்குள் கதவுகள் திறக்கின்றன,
காப்பிக்காரர் மூன்று பெட்டி ஓடுகிறார்,
அதே கட்டம் போட்ட சட்டையில் வேறொருவன் இறங்குகிறான்,
சுகிர்தம் குதிகால் தூக்கிப் பார்க்கிறாள்,
ஜோலார்பேட்டைப் பக்கம் கடைசிப் பெட்டியின் சிவப்பு
சிறுத்துப்போகிறது.
இதில் ஒன்றைக்கூட
நான் அடிக்கவில்லை.

வக்கீல் சொன்னது சரிதான். நுழைந்துவிடுகிறார்கள்.

பிரதி எடுத்து நஸீமாவிடம் கொடுத்தேன்.
வாய்விட்டுப் படிப்பது அவள் பழக்கம்.
ரயில் வந்தது, என்று படித்தாள்.
புள்ளியில் நின்றாள்.
மிஷின் பச்சை விளக்கைக் காட்டி
அடுத்த தாளுக்குக் காத்திருந்தது.
அவள் மேலே படிக்கவில்லை.
தாளை இரண்டாக மடித்துத்
தன் டிபன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

என்னிடம் ஒரு கேள்விக்குறி இருந்தது.
போடவில்லை.

காலை பத்துக்கு வக்கீல் வந்தார்.
குடையை மடக்கி ஓரமாகச் சாத்திவிட்டு
மேற்படி, என்றார்.