இங்கே வாசனை எதுவும் இல்லை

சாயங்காலம் ஆறு மணிக்கு எர்ணாவூர் பாலம் தாண்டினேன்.
இப்போது ராத்திரி ஒன்றேகால். டோல்கேட் இன்னும் வரவில்லை.
முன்னால் ஒரு நாற்பதடி டிரெய்லர்,
அதற்கு முன்னால் இன்னொன்று,
அப்புறம் துறைமுகம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

போனில் பதினொரு சதவீதம்.
சுடுகிற விளையாட்டெல்லாம் இதில் ஏறாது,
ஏறினாலும் போன் அடுப்பாகிவிடும்.
இது ஒன்றுதான் நிற்கிறது. மூன்று எம்.பி.
கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து.
எழுதின ஆள் பெயர்கூடப் போடவில்லை.

'நீ ஒரு அறையில் நிற்கிறாய். இருட்டு.
வடக்கே ஒரு கதவு.'

அவ்வளவுதான்.
சுவர் என்ன நிறம் என்று அது சொல்லாது.
நான்தான் அடித்தேன், எங்கள் ஹவுசிங் போர்டு பச்சை.
மாடி வீட்டுக் குளியலறை ஒழுகி
இலங்கை மாதிரி விழுந்த கறையையும்
இருந்த இடத்திலேயே வைத்தேன்.

'வடக்கு' என்று தட்டினால் காடு.
இன்னொரு 'வடக்கு', காடு முடிந்துவிடுகிறது.
இங்கே ரெண்டு மணி நேரத்தில்
மூணு வண்டி நீளம் நகர்ந்திருக்கிறேன்,
அதுவும் தெற்கே.

பக்கத்து வண்டி நெல்லூர். மஸ்தானய்யா.
தமிழ் பேசுவார், எழுத்து தெரியாது.
ஜன்னலில் தாடையை வைத்துப் பார்த்தார்.
"ஏந்தி இதி, படமே இல்ல?"
"நம்மதான் போட்டுக்கணும்."
"சதுவு" என்றார். படித்தேன்.

'ஒரு ஆறு ஓடுகிறது. கரையில் ஒரு பெட்டி.'

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"மணல் நெறய இருக்கும்" என்றார் பிறகு,
"எருமை எறங்குற எடம் ஒண்ணு இருக்கும்."
அது அவருடைய பெண்ணா நதி.
எனக்கு வந்தது கொசஸ்தலை,
சாம்பல் படிந்த தண்ணீர்,
இடுப்பளவில் உட்கார்ந்து
கையால் இறால் தடவுகிற பெண்கள்.
ஆறு என்கிற ரெண்டு எழுத்து
ரெண்டு லாரியையும் நனைத்துவிட்டது.

'பெட்டியைத் திற.'
'பெட்டி பூட்டியிருக்கிறது.'

பதினாறு வருஷமாய் முதுகில் பெட்டி இழுக்கிறேன்.
எல்லாம் சீல் வைத்தது.
துணியோ டயரோ முந்திரியோ,
பேப்பரில் எழுதியிருப்பதுதான் சரக்கு.
ஒன்றையாவது திறந்து பார்த்தது இல்லை.
இதிலுமா?

"உத்தரம்" என்றார் மஸ்தானய்யா.
பதில் கேட்கிறார் என்று நினைத்தேன்.
கையை நீட்டிக் காட்டினார். வடக்காம்.
போனோம். ஒரு மேடு. மேட்டில் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் காற்று திரும்பியது.
மணலி முழுசாய் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தது,
அழுகின முட்டை, எரிந்த எண்ணெய்,
பெயர் வைக்காத இன்னும் ரெண்டு.
அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு,
"அதுக்கு மூக்கு இருக்கா, கேளு" என்றார்.

'முகர்.'
'இங்கே வாசனை எதுவும் இல்லை.'

அவர் சிரித்த சிரிப்பில்
முன்வண்டி கிளீனர் தூக்கம் கலைந்து எட்டிப் பார்த்தான்.
"கொடுத்து வெச்ச ஊரு!"

ஆறு சதவீதம்.
எங்கோ ஒரு கேட் திறந்திருக்க வேண்டும்,
ஹாரன் சங்கிலி மாதிரி பின்னாலிருந்து வந்தது.
அவர் வரிசைதான் முதலில் அசைந்தது.
போகிற போக்கில் கத்தினார்:
"சாவி மொதல் ரூம்லயே இருக்கும்! திரும்பிப் போ!"

தெற்கு, தெற்கு, தெற்கு.

'அறை. இருட்டு. எதுவும் தெரியவில்லை.'
'சுவரைத் தடவு.'
'நீ சொல்வது எனக்குப் புரியவில்லை.'

அதற்குப் புரியாது.
இலங்கைக்குக் கீழே, ஒரு சாண் தள்ளி,
ஒரு ஆணி இருக்கிறது.
எங்கள் வீட்டுச் சாவி அதில்தான் தொங்கும்.
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கியர் போட்டேன்.