இழுக்கிற வண்டி

நெல்லிக்குப்பம் ஆலை எடைமேடையில்
இரண்டு கரும்பு டிராக்டர்களுக்கு நடுவே
எங்கள் தகரப்பெட்டி மட்டும் தனியாக நின்றது.
எழுநூற்று நாற்பது கிலோ.
சீட்டு போடுகிறவர் கேட்டார்: என்ன சரக்கு?
இரண்டு பேர் படுக்க இடம் என்றார் அமிர்தகடேசன்.
அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துக் கொடுத்துவிட்டார்.

பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியிருக்கிறேன்,
அதே மஞ்சக்குப்பம், அதே நாலு தெரு.
அவருக்கு சிப்காட்டில் மூக்கு போய்விட்டது.
மீன் கருகினாலும் தெரியாது.
விருப்ப ஓய்வுப் பணத்தில் பாதியைப்
பெட்டியாக்கி வாசலில் நிறுத்தினார்,
ஜன்னல் வைத்து, கொசுவலை வைத்து.
எதைக் கொண்டு இழுப்பது என்று
அதன்பிறகுதான் யோசித்தார்.

முதல் வண்டி திருப்பாதிரிப்புலியூரில்.
மெழுகு பூசிய பளபளப்பு.
தரகர் சாவியை நீட்டும்போதே
சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவினேன்.
நுனியில் காய்ந்த வண்டல்,
விரல் அகலத்துக்குக் கோடு.
பதினைந்தாம் வருஷத்து வெள்ளம்
இன்னும் இறங்காமல் அதற்குள் உட்கார்ந்திருந்தது.
தரகர் வேறு பக்கம் பார்த்துத் தும்மினார்.

இரண்டாவது, புதுச்சேரி ஷோரூம்.
பெட்ரோல். ஏசிக்குள் ஏசி.
லிட்டருக்கு இருபத்திரண்டு, மேடம்.
பின்னால் எழுநூற்று நாற்பது கிலோ கட்டி
செஞ்சிப் பக்கம் மதிய வெயிலில் மேடேறினால்?
பையன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
அதில் மழை இல்லை, மேடு இல்லை,
எதிர்க்காற்று இல்லை.
காபி மட்டும் நன்றாக இருந்தது.

தேவனாம்பட்டினம், முதுநகர், சோனாங்குப்பம்,
கடலோரத்தில் நின்ற எதுவும் வேண்டாம் என்றேன்.
கவுஸ் மொய்தீன் சேஸிஸைச் சுத்தியால் தட்டிக் காட்டுவார்:
நல்ல இரும்பு 'ணங்' என்னும்,
உப்பு தின்றது 'பொத்' என்னும்.
உள்நாட்டு வண்டியாகத் தேடினோம்.

பண்ருட்டி முந்திரி மண்டிக்காரரிடம் கிடைத்தது.
டீசல். இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ஓடியது.
சீட்டு இடுக்கெல்லாம் முந்திரித் தோல்.
'மூணாவது கியர் காலையில கொஞ்சம் முரண்டு பிடிக்கும்,
சூடானா சரியாயிடும்' என்றார்,
நாங்கள் கேட்காமலே.
குறையை முதலில் சொன்ன ஆளிடம்
விலையில் ரொம்ப மல்லுக்கட்ட முடியவில்லை.
சுத்தி எல்லா இடத்திலும் 'ணங்' என்றது.

கன்னியக்கோயில் பங்க்கில், அங்கேதான் விலை குறைவு,
கழுத்துவரை நிரப்பினோம்.
பெட்டியைக் கட்டிக்கொண்டு மரக்காணம் வரை போய்த் திரும்பி
அதே பங்க், அதே குழாய், அதே கழுத்து.
தொண்ணூற்றாறு கிலோமீட்டர். பத்து லிட்டர்.
வெறும் வண்டி பதின்மூன்று கொடுத்திருந்தது.
அவர் நோட்டில் கழித்துப் பார்த்து முகம் வாடினார்.
அந்த மூன்று சொச்சம்தான் வாடகை என்றேன்,
எந்த ஊரில் தூங்கினாலும்.
அரியாங்குப்பம் பாலத்தில்
பின்னால் எதுவோ உருண்டதே, அது என்ன?
தம்ளர் என்றார். எட்டு தம்ளர் வைத்திருக்கிறார்,
இரண்டு பேருக்கு.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்கிறார்கள்
இது வண்டியா, வீடா.
திங்கட்கிழமை வரச்சொல்லியிருக்கிறார்கள்.

மிச்சம் இருந்தது ரிவர்ஸ்.
சில்வர் பீச் காலி மைதானம்.
ஸ்டீரிங்கை இடது பக்கம் ஒடித்தால்
பெட்டி வலப்பக்கம் போகிறது.
வலது பக்கம் ஒடித்தால் கோபித்துக்கொண்டு மடங்குகிறது.
பத்தொன்பது வருஷ அனுபவம் மண்ணோடு போயிற்று.
படகு இழுக்கிற டிராக்டரில் சாய்ந்திருந்த பையன்
சிரித்து முடித்துவிட்டு வந்தான்.
'அக்கா, ஸ்டீரிங்கை அடியில புடி.
பெட்டி எந்தப் பக்கம் போவணுமோ
கைய அந்தப் பக்கம் நகத்து. அவ்ளோதான்.'

ஏழாவது தடவை நேராகப் போனது.
கண்ணாடியில் அமிர்தகடேசன்
இரண்டு கையாலும் காற்றை இழுத்து இழுத்து
வா வா வா வா என்கிறார்.
நான் இஞ்சினை அணைத்து
வெகுநேரம் ஆகிவிட்டது.