பென்சில்

நகரசபை நூலகத்துப் புத்தகம்.
புருசனைச் சாகக் கொடுத்த ஒருத்தி எழுதினது.
ஒவ்வொரு 'அவர்' வரும்போதும்
ர் ஐ வெட்டி ள் போட்டுக்கொண்டு வாசிக்கிறேன்.
வினையும் கூடவே மாறவேண்டும்:
இருமினாள். கோபித்தாள்.
மீன் முள்ளை எடுத்துவிட்டு என் கோப்பையில் வைத்தாள்.

உவர்மலை மதில்களில் ஒட்டிய நோட்டீசில்
'செல்வி கமலவேணி' என்றே போட்டார்கள்.
சகோதரர், பெறாமக்கள், மருமக்கள்,
கனடா, சுவிஸ் எல்லாம் போய்
கடைசி வரியில் 'நண்பர்கள்'.
பத்தொன்பது வருசம்
ஒரே நுளம்பு வலைக்குள் படுத்த நான்
அந்தக் 'கள்'ளுக்குள் எங்கேயோ இருந்தேன்.

பசையின் ருசிக்கு
மான் ஒன்று வந்து அதைத் தின்றது.
நான் கலைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் லீவு கேட்டேன்.
படிவத்தில் 'இறந்தவருக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம்.
வேறு படிவம் வாங்கி
வயிற்றுவலி என்று எழுதினேன்.
பொய்யும் இல்லை.

கன்னியாவில் அந்தியேட்டி.
ஏழு கிணற்றிலும் தமையன் அள்ளி வார்த்தான்.
"கூட இருந்த ரீச்சரும் வந்திருக்கிறா" என்று
யாரோ யாருக்கோ சொன்னார்கள்.
ஒவ்வொரு கிணறும் ஒவ்வொரு சூடு.
எது அவளுடைய கடைசிக் கிழமைக் காய்ச்சல் என்று
ஆட்கள் போனபிறகு விரல் வைத்துப் பார்த்தேன்.
நாலாவது.

புத்தகத் தவணை முடிந்து ஒன்பது நாள்.
தண்டப்பணத்துக்குச் சில்லறை எடுத்து வைத்திருக்கிறேன்.
நூற்றிப் பன்னிரண்டாம் பக்கத்தில்
'இறந்தார்' என்று இருக்கிறது.
பென்சில் கூராகத்தான் இருக்கிறது.
அதை மட்டும்
அந்த மனிசனுக்கே விட்டுவிட்டேன்.